குறிப்பு வரியில் நிற்கும் மெஷின்

பாளையங்கோட்டை
21 ஜனவரி 2024

அன்பு மகள் ஜெமிமாவுக்கு அப்பா எழுதுவது.

நானும் உங்கம்மாவும் ஆண்டவர் கிருபையில் இருக்கிறோம். அவளுடைய வலது முழங்கால் மட்டும் கிருபைக்கு வெளியே நிற்கிறது, படி ஏறினால் கத்துகிறது. நீ சுகம் என்று அவள் சொல்லித் தெரிந்துகொள்கிறேன். தினமும் நீங்கள் இரண்டு பேரும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறீர்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து உன் வாய் அசைவதைப் பார்க்கிறேன். காலமெல்லாம் பம்பு ஓட்டிக் காட்டி வியாபாரம் பண்ணின காது. போனில் உன் சத்தம் தகரத்தில் மணல் கொட்டுகிற மாதிரித்தான் விழுகிறது. காதுக்கு மெஷின் வாங்கச் சொல்லாதே. வாங்கிப் போட்டுப் பார்த்தேன், உங்கம்மா பாத்திரம் கழுவுவது மட்டும் நன்றாகக் கேட்டது.

எழுதுகிற காரணம் வேறு மெஷின். டிசம்பர் வெள்ளத்தில் திருநெல்வேலி சந்திப்புக் கடைக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்ததும், நீ விட்டுப் போன கம்ப்யூட்டர் சேற்றோடு போனதும் உனக்குத் தெரியும். பைப்பெல்லாம் மிதந்தது, கழுவி அடுக்கிவிட்டோம். உன் புரோகிராம் அம்மா பீரோவில் கிடந்த பென் டிரைவில் இருந்ததால் தப்பியது. தாணுமாலையன் என்று ஒருவன், இப்போது கடைக்குக் கம்ப்யூட்டர் பார்க்கிறவன், வாய் கொஞ்சம் நீளம். அவன்தான் புது மெஷினில் ஏற்றிக் கொடுத்தான்.

மாதக் கடைசியில் சரக்கு இருப்பைச் சரிபார்க்க நீ எழுதி வைத்த ஸ்கிரிப்ட், முன்பெல்லாம் நான் ஒரு காப்பி குடிப்பதற்குள் ஓடி முடிந்துவிடும். இப்போது பாதியில் நின்று கேள்வி கேட்கிறது. 'டீ-க்கு மதிப்பு கொடு' என்று இங்கிலீஷில் வருகிறது. பில் போடுகிற செல்லக்கிளி எட்டிப் பார்த்து, "அண்ணாச்சி, டீயோட விலையைக் கேக்குது" என்றாள். பக்கத்துக் கடை பீர் முகம்மது அண்ணாச்சி வந்திருந்தார். "டீ கேட்டா வாங்கிக் கொடும்வே, வெள்ளத்துல நனைஞ்ச கடை, குளிரும்லா" என்றார். முக்கால் இஞ்ச் பைப்புக்குப் போடுகிற டீயின் விலையைத் தட்டினோம். ஓடியது. கொஞ்ச தூரம் போய், 'கப்ளிங்குக்கு மதிப்பு கொடு'. தட்டினோம். பிறகு வாஷர். செல்லக்கிளி, "விலை தெரியாமலா இது இத்தனை வருஷம் ஓடுச்சு?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி.

நாங்கள் கொடுத்த விலையை அது எங்கே கொண்டுபோய் ஒட்டி வைத்திருக்கிறதோ என்று எனக்குத் தூக்கம் இல்லை. விவரம் எழுது. வாட்ஸப்பில் வேண்டாம், அந்த எழுத்து எனக்கு எறும்பு ஊர்கிற மாதிரி. மெயில் போட்டால் கடைக் கம்ப்யூட்டரில் பெரிசாக்கிப் படிப்பேன்.

குளிருக்குக் காலில் உறை போட்டுக்கொள்.

உன் அப்பா
அப்பாத்துரை

*

கார்க், அயர்லாந்து
24 ஜனவரி 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். காலில் ரெண்டு ஜோடி உறை, போதுமா? அம்மாவின் முழங்காலுக்காக ஜெபிக்கிறேன். டாக்டரிடமும் கூட்டிப்போங்கள், ரெண்டும் நடக்கட்டும்.

பயப்படாதீங்க. நீங்க கொடுத்த விலை எங்கேயும் ஒட்டவில்லை. ஸ்கிரிப்ட்டில் ரெண்டு சின்னக் கோடு -- போட்டு ஆரம்பிக்கிற வரியெல்லாம் குறிப்பு வரி. டேட்டாபேஸ் அதைப் படிக்கவே படிக்காது, தாண்டிப் போய்விடும். மனுஷன் படிக்கிறதுக்காக எழுதுவது. ஆனால் டேட்டாபேஸுக்கு முன்னால் வாசலில் ஒருத்தன் இருக்கிறான், ஸ்கிரிப்ட்டை வாங்கி உள்ளே அனுப்புகிற புரோகிராம். அவனுக்குக் குறிப்பு எது, கட்டளை எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. எந்த வரியில் & குறியைக் கண்டாலும், பக்கத்தில் இருக்கிற சொல்லை 'இதுக்குப் பதிலா என்ன போடணும்?' என்று நம்மிடம் கேட்பான். நான் குறிப்பில் 'எல்போ & டீ' என்று எழுதியிருப்பேன். அதுதான் டீ கேட்கிறான். பழைய கம்ப்யூட்டரில் இப்படிக் கேட்கக்கூடாது என்று ஆரம்பத்திலேயே சொல்லி வைத்திருந்தேன். அது வெள்ளத்தோடு போய்விட்டது.

அந்த இடத்தில் என்ன தட்டினாலும் பாதகமில்லை. உங்க பேரைத் தட்டினாலும் சரி, சும்மா இருந்தாலும் சரி. கேட்காமலே ஓடணும் என்றால் ஸ்கிரிப்ட்டில் எல்லாத்துக்கும் மேலே, முதல் வரியாக இதைப் போடச் சொல்லுங்கள்:

set define off

அவ்வளவுதான், இனி நிக்காது.

அந்தக் குறிப்பெல்லாம் காலேஜ் முடிச்சு நான் கடையில் உட்கார்ந்திருந்த ரெண்டு வருஷத்தில் எனக்கு நானே எழுதினது. படிச்சுட்டுக் கோபப்படாதீங்க.

இங்கே மழை. நம்ம ஊர் மழை மாதிரிக் கொட்டித் தீர்க்காது, நாள் முழுக்க முணுமுணுக்கும்.

அன்புடன்
ஜெமிமா

*

பாளையங்கோட்டை
3 மார்ச் 2024

அன்பு மகளுக்கு,

சுகம், சுகம் அறிய ஆவல். உங்கம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போனேன். உடம்பைக் குறைக்கச் சொன்னார். அன்றிலிருந்து அவள் என்னைச் சாப்பிட விடவில்லை.

நீ சொன்ன வரியைப் போட்டோம், ஜனவரிக் கணக்கு நிற்காமல் ஓடியது. பிப்ரவரியில் புதுக் கோளாறு. தாணுமாலையன் ஸ்கிரிப்ட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இந்தக் குறிப்பு வரியெல்லாம் மெஷினுக்கு வேண்டாத சோலி. மொத்தமா வழிச்சுத் தள்ளிருதேன், வேகமா ஓடும்" என்றான்.

"வழிச்சா வேகம் கூடுமாலே?"

"கூடாது. பாக்க அம்சமா இருக்கும்."

"அப்ப கையை எடு" என்றேன்.

எடுத்தானே தவிர, வீட்டில் வைத்துப் பார்க்கிறேன் என்று வாட்ஸப்பில் தன் போனுக்கு அனுப்பி, எதையோ மாற்றி, மறுபடி ஒட்டி வைத்திருக்கிறான். ஓட்டினால் திரை முழுக்கச் சிவப்பு. நீ எழுதின குறிப்பு ஒவ்வொன்றையும் மெஷின் கட்டளை என்று எடுத்துக்கொண்டு, புரியவில்லை புரியவில்லை என்று கத்துகிறது.

அந்தச் சிவப்பில்தான் உன் எழுத்தை நான் முதல்முறை நிதானமாகப் படித்தேன். இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். 'எல்போ & டீ ரெண்டும் ஒரே ரேக். அப்பா அவசரத்துல மாத்தி வச்சிருவாங்க.' 'வால்வு & வாஷர், இந்த இடத்துல பைய ஓடும், பொறுமை வேணும். அப்பாவுக்கு அது கிடையாது.' நான் எப்போது மாற்றி வைத்தேன்? சரி, அது கிடக்கட்டும். சரியான ஸ்கிரிப்ட் ஒன்று அனுப்பு.

வேறென்ன. ஆற்றுப்பாலம் பக்கம் மண் அள்ளி முடித்துவிட்டார்கள். அம்பாசமுத்திரம் பார்ட்டிகள் திரும்ப வர ஆரம்பித்துவிட்டார்கள், மோட்டார் போனவர்கள் எல்லாரும் வாங்கித்தானே ஆகவேண்டும்.

உன் அப்பா

*

கார்க்
6 மார்ச் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்கள் பட்டினி கிடப்பதை அம்மாவும் சொன்னாள், அவள் சொன்னபோது அது வேறு மாதிரி இருந்தது.

வாட்ஸப்தான் கோளாறு. ரெண்டு சின்னக் கோட்டை அது அழகுபடுத்துகிறேன் என்று ஒரே நீளக் கோடாக மாற்றிவிடும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் நீளக் கோடு போட்டால் அது குறிப்பு வரி கிடையாது. மேற்கோள் குறியையும் இப்படித்தான் வளைத்து வைக்கும். ஸ்கிரிப்ட்டை இனி மெயிலில் கோப்பாக மட்டும் அனுப்பச் சொல்லுங்கள், போன் வழியாக ஒட்டவே வேண்டாம். சரியான கோப்பை இணைத்திருக்கிறேன், முதல் வரியும் போட்டிருக்கிறேன்.

குறிப்பை அழிக்கவிடாததுக்கு நன்றி. அழித்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனாலும்.

இந்த வாரம் ஆபீஸில் ஒரு பையன் என் ஸ்கிரிப்ட்டைப் பார்த்துவிட்டு, குறிப்பு இவ்வளவு எழுதுகிறாயே, யார் படிக்கப்போகிறார்கள் என்று கேட்டான்.

எல்போவையும் டீயையும் மாற்றித்தான் வைத்தீர்கள். செல்லக்கிளி அக்காவைக் கேளுங்கள்.

ஜெமிமா

*

பாளையங்கோட்டை
2 மே 2024

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

வெயில் மண்டையைப் பிளக்கிறது. மற்றபடி சுகம். நீயும் அப்படியே என்று நம்புகிறேன், வெயில் நீங்கலாக.

மெஷின் மறுபடியும் & வருகிற இடமெல்லாம் நிற்கிறது. மார்ச்சில் நன்றாக ஓடினது, ஏப்ரலில் நின்றுவிட்டது. என்ன காரணமோ தெரியவில்லை. ஓடி முடிந்ததும் கடைசியில் ஒரு பதிவு வருகிறதே, அதை அப்படியே இணைத்திருக்கிறேன். நீ பார்த்துச் சொல். அவசரமில்லை, விலை எங்கும் ஒட்டாது என்று நீதான் சொல்லிவிட்டாயே.

இன்னொரு சங்கதி. கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெரிய கம்பெனிக்காரன் வந்தான். கடை, குடோன், பார்ட்டிகள் எல்லாவற்றையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறானாம். பேர்ப்பலகை மட்டும் மாறுமாம், செல்லக்கிளி உட்பட எல்லாருக்கும் வேலை இருக்குமாம். கம்ப்யூட்டர் அவர்களுடையதே வரும், உன் ஸ்கிரிப்ட் தேவைப்படாது. "உங்களுக்கும் வயசாகுது, அடுத்து பார்க்க ஆள் இருக்கா சார்?" என்று கேட்டான். ஆள் இருக்கிறதா இல்லையா என்பது உனக்கு எதற்கு, விலையைப் பேசு என்றேன். செப்டம்பர் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

விலை மோசமில்லை. வியாபாரி என்று பார்த்தால் கொடுத்துவிட வேண்டியதுதான். நீ என்ன நினைக்கிறாய்?

உன் அப்பா

*

கார்க்
30 மே 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

சுகம். சாப்பிட்டுவிட்டுத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பதில் தாமதமானதற்கு மன்னியுங்கள், வேலை அதிகம் என்று சொல்லலாம்.

பதிவை முழுக்கப் படித்தேன். ஒரு வரி விடாமல் படித்தேன். முதல் வரி அதில் இல்லை, அதுதான் நிற்கிறது. யாரோ எடுத்திருக்கிறார்கள். எதற்கும் ஸ்கிரிப்ட்டையே மாற்றிப் புதிதாக இணைத்திருக்கிறேன். குறிப்பில் & இருந்த இடமெல்லாம் 'உம்' என்று எழுத்தால் எழுதிவிட்டேன். 'எல்போவும் டீயும்.' இனி முதல் வரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிற்பதற்கு வழியே கிடையாது. இதை ஓட்டுவதா பழையதை ஓட்டுவதா என்பது உங்கள் விருப்பம்.

கடையைப் பற்றிக் கேட்டீர்கள். உங்கள் கடை. சைக்கிளில் பைப் கட்டி ராதாபுரம் வரைக்கும் போய் விற்று நீங்கள் உண்டாக்கினது. நான் என்ன சொல்ல?

இங்கேயும் ஒரு சங்கதி. என் ஒப்பந்தம் செப்டம்பரோடு முடிகிறது. இன்னும் ரெண்டு வருஷத்துக்குப் போடச் சொல்கிறார்கள். ஆகஸ்ட் கடைசிக்குள் சொல்ல வேண்டும். இன்னும் சொல்லவில்லை.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஜெமிமா

*

பாளையங்கோட்டை
4 ஜூலை 2024

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லாரும் சௌகரியம். சாரல் விழுகிறது, ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. உங்கம்மா முழங்காலை மறந்துவிட்டு குற்றாலம் போகவேண்டும் என்கிறாள்.

நீ அனுப்பின புதுக் கோப்பு இங்கே திறக்க மாட்டேன் என்கிறது. அதனால் பழையதையே ஓட்டுகிறேன். நிற்கத்தான் செய்கிறது. பழகிவிட்டது. ஜூன் மாதப் பதிவை இணைத்திருக்கிறேன்.

வெள்ளத்தில் மூழ்கிக் கெட்டுப்போன உன் ஸ்கூட்டியை, இன்ஜினைப் பிரித்துச் சரிபண்ணி வைத்திருக்கிறேன். எதற்கு என்று உங்கம்மா கேட்டாள். பழுதோடு விற்றால் விலை வராது என்றேன்.

ஒப்பந்தம் பற்றி எழுதியிருந்தாய். நல்ல கம்பெனி, நல்ல சம்பளம், உன் படிப்புக்கு மரியாதை இருக்கிற இடம். இங்கே என்ன இருக்கிறது, பைப்பும் தூசியும். உனக்கு எது நல்லதோ அதைச் செய்.

கோயம்புத்தூர்க்காரன் மறுபடி வந்தான். இந்தத் தடவை பெரிய காரில் வந்தான், தெருவில் திருப்ப முடியாமல் அவன் பட்ட பாடு பார்க்க நன்றாக இருந்தது. பதில் சொல்லவில்லை.

உன் அப்பா

*

திருநெல்வேலி
10 ஆகஸ்ட் 2024

ஜெமிமா பாப்பாவுக்கு செல்லக்கிளி அக்கா எழுதிக்கிடுதது.

நல்லா இருக்கியா? என் மெயில் பாத்துப் பயந்துறாத, கடையில எல்லாரும் சுகந்தான். மக காலேஜ்ல சேந்துட்டா. இந்த மெயில் போடதுகூட அவதான் சொல்லிக் குடுத்தா.

உங்கிட்டச் சொல்லாம இருக்க முடியல, அதான் எழுதுதேன். நீ அனுப்புன புது ஸ்கிரிப்ட் நல்லாத் தொறக்கு. தாணுமாலையன் ஓட்டியும் காட்டிட்டான், சர்ருன்னு போச்சு. அண்ணாச்சி அவன வெளிய அனுப்பிட்டு பழசத்தான் ஓட்டுதாவ. அதுலயும் நீ போட்ட மொத வரியப் பாத்துப் பாத்து எடுத்துருதாவ. மாசக் கடைசி ஆச்சுன்னா மதியமே குளிச்ச மாதிரி தலை சீவிக்கிட்டு கம்ப்யூட்டர் முன்னால உக்காந்துருதாவ. யாராவது மோட்டார் கேட்டு வந்தாக்கூட, "இரும்வே, சோலியா இருக்கேம்லா"ன்னு நிப்பாட்டிருதாவ.

என்னத்தத்தான் செய்யுதாவன்னு போன வாரம் பின்னால நின்னு எட்டிப் பாத்தேன். மெஷின் ஒரு இடத்துல நின்னுது. நீ எழுதுன வரி மேல கெடக்கு. கீழ அது மதிப்புக் கேக்கு. அண்ணாச்சி ஒத்த வெரலால இங்கிலீஷ் எழுத்துல தட்டுதாவ. என்ன தெரியுமா? 'சாப்பிட்டியா'.

அடுத்த இடத்துல நின்னுது. 'குளிருதா'.

நான் சத்தங்காட்டாம பில் போட வந்துட்டேன் பாப்பா. ஒரு பில்லுல தப்பு விலை போட்டுட்டேன்.

அந்தக் கோயம்புத்தூர்க்காரனுக்கு நாக்கு இனிப்பு. அண்ணாச்சி கடையக் குடுத்துருவாவளோன்னு இருக்கு. குடுத்தா அந்த மெஷினும் போயிரும். நீ ஒரு வார்த்த எழுதேன்.

இப்படிக்கு
செல்லக்கிளி

*

கார்க்
11 ஆகஸ்ட் 2024

அன்புள்ள செல்லக்கிளி அக்காவுக்கு,

சுகம். மகளுக்கு என் வாழ்த்து. என்ன பாடம் எடுத்திருக்கிறாள்?

எனக்குத் தெரியும் அக்கா. மெஷின் நிற்கிற இடத்தில் நாம் தட்டுவது அங்கேயே மறைந்துவிடும் என்று அப்பா நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மறையாது. பதிவில் பழைய வரி ஒன்று, நாம் தட்டினது சேர்ந்த புது வரி ஒன்று என்று ரெண்டும் விழும். 'எல்போ & டீ ரெண்டும் ஒரே ரேக்' என்பது, 'எல்போ சாப்பிட்டியா ரெண்டும் ஒரே ரேக்' என்று வரும். அதைத்தான் எனக்கு இணைத்து அனுப்புகிறார்கள். ஏப்ரல் பதிவிலேயே பார்த்துவிட்டேன். ஆபீஸில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து மாடிப்படிக்குப் போய்விட்டேன்.

கடைசி இடத்தில் நிற்கும்போது எல்லா மாதமும் ஒரே கேள்விதான், 'எப்ப வருவ'. அதை மெஷினிடம் கேட்கிறார்கள். எனக்குக் கடிதம் எழுதும்போது, உனக்கு எது நல்லதோ செய் என்கிறார்கள். நான் ஊரை விட்டுக் கிளம்பின அன்றைக்கு ரயிலடியிலும் இதே வார்த்தைதான். ஒரு தடவை இருந்துவிடு என்று சொல்லியிருந்தால் பெட்டியை இறக்கியிருப்பேன் அக்கா. இப்போதும் நானாக எப்படி எழுத? அவர்கள் கேட்கட்டும் என்று காத்திருக்கிறேன். இந்த மாதம் கடைசி வரைக்கும்.

நான் பார்த்ததை அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள். தெரிந்தால் வெட்கப்பட்டு நிறுத்திவிடுவார்கள்.

உங்கள்
ஜெமிமா

*

கார்க்
8 செப்டம்பர் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். ஆகஸ்ட் மாதப் பதிவு வந்தது. கூட எழுதியிருந்த கடிதத்தில் மழை, ஆறு, அம்மா, பீர் முகம்மது அண்ணாச்சியின் பேரன் எல்லாரும் இருந்தார்கள்.

இனி மறைத்துப் பிரயோஜனமில்லை. நீங்கள் மெஷினில் தட்டுவதெல்லாம் பதிவில் விழுகிறது அப்பா. ஆரம்பத்திலிருந்தே படித்துவருகிறேன். வெட்கப்படாதீர்கள். கேட்டதுக்குப் பதில் சொல்கிறேன்.

சாப்பிட்டேன். அரிசி கிடைக்கிறது, நம்ம புளி கிடைப்பதில்லை.

குளிரும். பழகவில்லை.

யார் கூட இருக்கிறாய் என்று மே மாதம் கேட்டிருந்தீர்கள். தனியாகத்தான் இருக்கிறேன். கூட இருந்த கேரளப் பெண் கல்யாணமாகிப் போய்விட்டாள், நான் சின்ன இடத்துக்கு மாறிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போகிறாயா என்று கேட்டிருந்தீர்கள். போகிறேன். பாட்டு வேறு, ராகம் சில நேரம் நம்ம ராகமாக இருக்கும். அப்போது பாடமுடிவதில்லை.

எப்போது வருவேன் என்று எல்லா மாதமும் கேட்டிருந்தீர்கள். அதற்குப் பதில் ஆகஸ்ட் முப்பதாம் தேதி வரைக்கும் என் கையில் இருந்தது. அன்றைக்குச் சாயங்காலம் வரை உங்கள் கடிதத்துக்காக மெயிலைத் திறந்து திறந்து பார்த்தேன். வரவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டேன். ரெண்டு வருஷம்.

உங்கள் மேல் கோபம் இல்லை. கொஞ்சம் இருக்கிறது.

ஜெமிமா

*

பாளையங்கோட்டை
29 செப்டம்பர் 2024

என் மகள் ஜெமிமாவுக்கு,

நாங்கள் சுகம். உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. தினமும் பெரிசாக்கிப் படித்தேன். செல்லக்கிளி பின்னால் நின்று படித்துவிட்டு, "கேக்க வேண்டிய ஆள்ட்ட கேக்காம கம்ப்யூட்டர்ட்ட போய்க் கேட்டா இப்படித்தான்" என்றாள். சம்பளம் கொடுக்கிறவனிடம் பேசுகிற பேச்சா என்றேன். "ஆமா" என்றாள்.

மெஷினில் எந்தக் கோளாறும் இல்லை. கடைச் சோலி எதுவும் இல்லை. எழுதவேண்டும் என்று எழுதுகிறேன்.

சைக்கிளில் போன காலத்தில் வீடு வீடாகக் கூப்பிட்டு விற்றவன் நான். முகத்துக்கு நேரே கதவைச் சாத்துவார்கள். கடை என்று ஒன்று வைத்ததும், இனி ஒருத்தரையும் வா என்று கூப்பிடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். வேண்டியவன் வருவான், நல்ல சரக்கு இருந்தால் போதும். இது பைப்புக்குச் சரி. பெற்ற பிள்ளைக்கும் இதையே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ நன்றாக இருக்கிற இடத்திலிருந்து உன்னை இழுத்துவிடக் கூடாது என்று சொல்லிக்கொண்டேன். அதுவும் உண்மைதான். ஆனால் நீ வரமாட்டேன் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன் என்ற பயம் அதைவிடப் பெரிய உண்மை. மெஷின் வரமாட்டேன் என்று சொல்லாது.

கோயம்புத்தூர்க்காரனுக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். உனக்காக வைத்திருக்கிறேன் என்று நினைக்காதே, அந்தப் பாரத்தை உன் தலையில் ஏற்றவில்லை. எனக்குக் காலையில் எழுந்தால் போக ஒரு இடம் வேண்டும்.

இப்போது நேராகச் சொல்கிறேன். எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும். நீ கையெழுத்துப் போட்டுவிட்டாய், போட்டதை மாற்றச் சொல்ல மாட்டேன், வியாபாரத்தில் அது அழகில்லை. நீ வர முடியாது. அதனால் நாங்கள் வருகிறோம். உங்கம்மாவுக்கும் எனக்கும் பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. அங்கே உட்கார்ந்திருந்த பெண், "ஐயா எதுக்காகப் போறீங்க?" என்று கேட்டாள். எனக்குச் சரியாகக் கேட்கவில்லை, திரும்பச் சொல்லச் சொன்னேன். உங்கம்மாதான், "மகளைப் பாக்க, வேற எதுக்கு" என்றாள்.

கிறிஸ்துமஸ் உன்னோடு. கடைச் சாவி செல்லக்கிளியிடம். நான் இல்லாமல் கடை திறந்திருக்கப்போவது இதுதான் முதல் தடவை, அவள் இப்போதே என் நாற்காலியின் உயரத்தை மாற்றிவிட்டாள். விசாவுக்கு நீ எங்களை அழைப்பதாக ஒரு கடிதம் எழுதித் தரவேண்டுமாம். தாணுமாலையன் விசாரித்துச் சொன்னான்.

ஒன்று கேட்கவேண்டும். தனி இடத்தில் இருக்கிறேன் என்கிறாய். அங்கே இரண்டு பேர் கூடுதலாகப் படுக்க இடம் இருக்கிறதா? எங்களுக்காக மறைக்காமல் உள்ளதைச் சொல். இல்லையென்றால் பக்கத்தில் எங்காவது தங்கிக்கொள்கிறோம்.

உன் அப்பா
அப்பாத்துரை

*

கார்க்
29 செப்டம்பர் 2024, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

சுகம். கோவிலுக்குக் கிளம்பி நின்றபோது மெயில் வந்தது. போகவில்லை.

உள்ளதைச் சொல்லச் சொன்னீர்கள். ஒரே அறை. ஒற்றைக் கட்டில். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு பெட்டி வைக்கலாம், வைத்தால் கதவு முழுக்கத் திறக்காது. ஒருத்தர் சமைத்தால் மற்ற ரெண்டு பேரும் கட்டிலில் ஏறி உட்கார வேண்டும்.

இடம் இல்லை அப்பா. அழைப்புக் கடிதம் இணைத்திருக்கிறேன். வாங்க.

ஜெமிமா